ஆட்டம் என்று எழுதிய மேஜை

அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்பார்கள். தச்சர்கள் பலகைமேல் வைத்து மட்டம் பார்க்கும் கருவிக்கு அந்தப் பெயர். நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. விரல் நீளத்தில் ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. ஓர் அறைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கண்ணில் ஆட்கள் படுவார்கள். அவர் கண்ணில் அலமாரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் படும். நூல் அளவு சாய்ந்திருந்தாலும் அவருக்குப் பேச்சு ஓடாது. “ஒரு நிமிஷம்” என்று எழுந்துபோய்க் குனிந்துவிடுவார்.

“இருபத்தாறு வருஷத்துல ஒருநாள்கூட மட்டம் போடாத மட்டம்” என்று வாட்ச்மேன் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் அவரைக் காட்டிச் சொல்வார். அதைக் கேட்டு அவர் சிரித்ததில்லை. ஆனால் மறுத்ததும் இல்லை.

கட்டடம் பொதுக் கட்டடம். கீழே நூலகம், முதல் மாடியில் அலுவலகங்கள், இரண்டாம் மாடியில் கண்காட்சிக் கூடம். மொத்தம் எழுநூற்றுச் சொச்சம் நாற்காலிகள், இருநூறு மேஜைகள், அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தச்சர். அவருடைய பட்டறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. படி ஏற ஏற அவர் கூரை இறங்கும். உள்ளே கடைசி மூலைக்குப் போக வேண்டுமென்றால் முட்டி போட வேண்டும். அந்த மூலையில்தான் நல்ல மரங்களை வைத்திருந்தார். முட்டி போட்டு எடுத்த மரத்தை யாரும் வீணாக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

தொழிலை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா பஸ் ஓட்டுநர். இவர் முதலில் ஒரு மரச்சாமான் கடையில் வண்டியில் ஏற்றி இறக்கும் வேலைக்குத்தான் போனார். கால் உடைந்ததென்று ஒதுக்கிப்போட்ட நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்தார். பிரித்ததைப் பூட்டினார். பூட்டியதைத் திரும்பப் பிரித்தார். பதினேழு முறை அப்படிச் செய்த பிறகு எந்தக் குச்சி எந்தத் துளைக்குள் ஏன் போகிறது என்பது புரிந்தது. நாற்காலி அதற்குள் உட்கார லாயக்கில்லாமல் போயிருந்தது, அது வேறு விஷயம்.

கல்யாணமாகி முதல்முறை மாமனார் வீட்டுக்குப் போனபோது, உட்காரச் சொன்ன நாற்காலி ஆடியது. மாமனார் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மாப்பிள்ளை அதைக் கவிழ்த்துப் போட்டு, காலைத் தட்டிக்கொண்டிருந்தார். “மாப்பிள்ளை வந்தாரு, நாற்காலி கவுந்துச்சு” என்று மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி இன்றைக்கும் சொல்கிறார். அவர் ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு நானூறு பேரிடம் பேசுகிறவர், ஆகவே வீட்டில் பேசாமல் இருப்பார் என்று நினைத்தால் அது தப்பு.

ரசமட்டத்துக்கு ஒரே ஒரு பகை உண்டு. காகிதத்தை நாலாக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் செருகுகிறவர்களை அவருக்கு ஆகாது. “பல்லு வலிக்குப் பஞ்சு வைக்கிற வேலை அது” என்பார். ஆட்டம் என்றால் காலைப் பார்க்க வேண்டும். எது குட்டையோ அதற்கு மற்ற மூன்றையும் இறக்க வேண்டும். நாலு காலும் தரையில் பாவ வேண்டும். அதற்குப் பிறகுதான் அது மேஜை. அதுவரைக்கும் அது பலகை.

சாமான் பழுதானால் அவரிடம் சொல்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முன்பெல்லாம் ஆளாளுக்குச் சீட்டில் கதை எழுதி அனுப்புவார்கள். ‘போன மாதம் பெரிய அதிகாரி வந்தபோது இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததிலிருந்து...’ என்று ஒரு பக்கம் போகும். எதில் பழுது என்பது கடைசிவரை இருக்காது. அவர் அச்சகத்தில் சொல்லிப் பழுப்பு நிற அட்டைகள் அடித்து, நூல் கோத்து, முதல் மாடி அலுவலகத்தில் ஒரு பெட்டியில் வைத்தார். அட்டையில் ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும்: ஆட்டம், கீச்சு, விரிசல், கழன்றது. எழுதிச் சாமானில் கட்டிவிட வேண்டும். அவர் வந்து பார்ப்பார். சரி செய்துவிட்டு அட்டையின் பின்பக்கத்தில் ‘பார்த்தாச்சு’ என்று எழுதித் தேதி போட்டு அங்கேயே விட்டுவிடுவார். இருபது வருஷமாக இந்த முறையில் ஒரு தப்பு வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, கண்காட்சிக் கூடத்தில் ஜன்னல் கொக்கி ஒன்றை மாட்டுவதற்காக மேலே போனார். கூடம் காலியாக இருந்தது. நட்ட நடுவே ஒரு பழைய சாப்பாட்டு மேஜை, சுற்றி நாலு முக்காலிகள், மேஜைமேல் நாலு கண்ணாடித் தம்ளர்கள். தம்ளர்களில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர். மேஜையின் மூலையில் பழுப்பு அட்டை தொங்கியது. அதில் நல்ல உருண்டையான கையெழுத்தில் ‘ஆட்டம்’ என்று எழுதியிருந்தது.

உள்ளங்கையை மேஜைமேல் வைத்து லேசாக அழுத்தினார். சாய்ந்தது. எடுத்தார். திரும்பியது. நாலு தம்ளரும் ஒன்றையொன்று விசாரிப்பதுபோல் சிணுங்கின.

‘ஒரு வார்த்தைன்னா ஒரு வார்த்தை. யாரோ விஷயம் தெரிஞ்சவங்க’ என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

தம்ளர்கள் இருந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் சுற்றி வரைந்தார். ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். மேஜையைக் கவிழ்த்தார். நல்ல மரம், கெட்டியான மூட்டுகள். கால்களின் அடிதான் தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது. ஒரு கால் மற்றதைவிட நாலு மில்லிமீட்டர் குட்டை. மெல்லிய ரம்பத்தை எடுத்து வந்து நாலு அடியையும் ஒரே கோட்டில் அறுத்தார், உப்புத்தாள் போட்டார், நிமிர்த்தினார். ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் போய் உட்கார்ந்து, இனி எனக்கு வேலை இல்லை என்பதுபோல் நின்றது. தம்ளர்களை அதே வட்டங்களில் வைத்துச் சுண்ணாம்பைத் துடைத்தார். அட்டையின் பின்னால் ‘பார்த்தாச்சு’ எழுதினார். ஜன்னல் கொக்கியையும் மறக்காமல் மாட்டினார்.

ஒன்றே முக்காலுக்குப் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு வாரமாகக் கூடத்துக்கு வந்துபோகிறவள். படம் எதுவும் கொண்டுவராவிட்டாலும் வாட்ச்மேன் அவளுக்கு ‘ஓவியப் பொண்ணு’ என்று பெயர் வைத்திருந்தார். அவள் கையில் பழுப்பு அட்டை இருந்தது.

“அண்ணா, மேல இருக்கிற மேஜையைத் தொட்டது நீங்களா?”

“தொட்டதா? நல்லாக் கேட்டீங்க. முழுசா ரெண்டு மணி நேரம்மா. இனிமே யானை ஏறி நின்னாலும் ஆடாது.”

“ஆடாதா?”

“எழுதி வச்சுக்கங்க.”

அவள் அங்கே கிடந்த ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தலை படிக்கட்டின் அடியில் இடித்தது. அதைத் தேய்க்கவும் தோன்றாமல், “ஐயோ அண்ணா, அது ஆடணும்” என்றாள்.

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. “ஆடணுமா? அப்புறம் எதுக்கும்மா ஆட்டம்னு எழுதிக் கட்டுனீங்க?”

“அதுதான் அதுக்குப் பேரு. கண்காட்சில வைக்கிற பொருளுக்குப் பேர் எழுதணும்ல? ஆபீஸ்ல ஒரு அட்டை குடுங்கன்னு கேட்டேன். இதைத்தான் குடுத்தாங்க.”

“சாப்பாட்டு மேஜையவா கண்காட்சில வைக்கிறீங்க?”

“ஆமா.”

“நாலு தம்ளரோட?”

“ஆமாண்ணா.”

“பாக்கிறவங்க என்னத்தைப் பாக்கிறது?”

இந்தக் கேள்வியை அவளிடம் பலர் கேட்டிருக்க வேண்டும். கோபப்படாமல் சொன்னாள். “அது எங்க வீட்டு மேஜை. அப்பா, அம்மா, அண்ணன், நான். யாரு முழங்கை வச்சாலும் நாலு பேர் தம்ளரும் ஆடும். யார் தண்ணி மொதல்ல சிந்துதோ அவங்க பாத்திரம் கழுவணும். தெனமும் ஒரு ஆட்டம். அதனால எல்லாருக்கும் எல்லார் கை மேலயும் ஒரு கண்ணு இருக்கும். வர்றவங்களும் முக்காலில உக்காந்து கையை வைக்கட்டும், முன்ன பின்ன தெரியாத நாலு பேரு ஒருத்தரையொருத்தர் பாத்துக்கட்டும்னு நெனச்சேன். அவ்ளோதான். வேற ஒண்ணுமே கொண்டு வரலை. இந்தக் கூடத்துக்கு எழுதிப் போட்டு ரெண்டு வருஷம் காத்திருந்தேன். இது என்னோட மொத கண்காட்சி. அஞ்சு மணிக்குத் தெறக்கிறாங்க.”

இருபத்தாறு வருஷத்தில் அவர் பார்த்த வேலை ஒன்று திரும்பி வந்தது இதுவே முதல்முறை. அதுவும் தப்பாகச் செய்ததற்காக அல்ல, சரியாகச் செய்ததற்காக. இதை எந்தப் பக்கம் பிடித்து நிமிர்த்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“வேணும்னே ஒரு மேஜையைக் கெடுக்கச் சொல்றீங்க” என்றார்.

“கெடுக்க வேணாம். இருந்த மாதிரி பண்ணிக் குடுங்க.”

அவர் டப்பாவை மூடினார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

முதலில் அவருக்கு இது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. எந்தக் கால், எவ்வளவு குட்டை என்பது அவருக்கு மனப்பாடம். கூடத்துக்கு ஏறிப்போய் அதே காலில் நாலு மில்லிமீட்டர் அறுத்தார். ரம்பம் வைக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதாக வாட்ச்மேன் பின்னால் சொன்னார். மேஜையை நிமிர்த்தி, “பாருங்க. அளவு அச்சு அசல்” என்றார்.

அவள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி முழங்கையை வைத்தாள். டக். எடுத்தாள். டக்.

“இது இல்லண்ணா.”

“நாலு மில்லி இருந்துச்சு, நாலு மில்லி இருக்கு.”

“அளவு சரியா இருக்கலாம். இது குதிக்குது. எங்க மேஜை குதிக்காது. படகு மாதிரி மெதுவாச் சாயும், ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் திரும்பும்.”

வாட்ச்மேன் கதவில் சாய்ந்துகொண்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க கூடம் நேரா இருக்கு, மேஜைக்கு ஆடத் தெரியாமப் போச்சு” என்றார்.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருய்யா” என்றார் ரசமட்டம். ஆனால் அவர் காது மேஜையில்தான் இருந்தது. தானும் முழங்கையை வைத்துப் பார்த்தார். டக். அவள் சொன்னது சரி. காலையில் கைக்குத் தெரிந்த ஆட்டம் இது அல்ல. ஓர் ஆட்டத்துக்கும் இன்னோர் ஆட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை நாளும் ஆட்டம் என்றால் ஒழிக்க வேண்டியது. ஒழிக்கிற பொருளை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். காலையில் அறுத்த நாலு அடித்துண்டுகளும் மரத்தூளுக்குள் கிடந்தன, பிஸ்கட் மாதிரி. இரண்டு விண்டு போயிருந்தன.

“அதையே திரும்ப ஒட்டிரலாமேண்ணே” என்றார் வாட்ச்மேன்.

“பசை காய நாளைக்குக் காலைல ஆகும். காஞ்சாலும் ஒருத்தர் முழங்கை வச்சாப் பிச்சுக்கிட்டுப் போகும்.”

அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு அவளைப் பார்த்து, “இந்த மேஜையைத் தெனமும் இழுத்தீங்களா?” என்று கேட்டார்.

“எப்படித் தெரியும்?”

“எல்லாம் ஒரே வாட்டத்துல தேஞ்சிருக்கு. முன்பக்கம் உருண்டு போயிருக்கு. பின்பக்கம் கூரா நிக்குது. இந்தக் காலு மட்டும் ரெண்டு பக்கமும் உருண்டிருக்கு. அந்த மூலைலதான் யாரோ தூக்காம இழுத்திருக்காங்க.”

அவளுக்கு வாய் திறந்தது. “அப்பா. சின்ன வீடுண்ணா. பகல்ல மேஜை செவத்தோட ஒட்டி இருக்கும். சாப்பிடுறப்ப நடுவுல இழுப்போம், முடிஞ்சதும் தள்ளுவோம். அம்மா ‘தூக்குங்க, தூக்கி வைங்க’ன்னு கத்துவாங்க. அப்பா ஒருநாளும் தூக்கினதில்லை.”

“எத்தனை வருஷம்?”

“முப்பத்தஞ்சு இருக்கும்.”

சுவரில் மணி இரண்டு நாற்பது. ரசமட்டம் அரத்தை எடுத்தார், நாலு அடியையும் அந்தத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து ராவி உருட்டினார். அரை மணி நேரத்தில் பார்வைக்கு அப்படியே வந்துவிட்டது. அவள் முழங்கையை வைத்தாள். இப்போது குதிக்கவில்லை. ஆனால் யோசிக்கவும் இல்லை.

“பக்கத்துல வந்திருச்சு. ஆனா...” என்றாள், பாவமாக.

“ராவினது வேற, தேஞ்சது வேறம்மா” என்று அவரே சொன்னார். “இழுத்துத் தேஞ்சதை இழுத்துத்தான் கொண்டு வரணும். தூக்குங்க, கீழ எறக்கிப் பின்னால போவோம்.”

கட்டடத்துக்குப் பின்னால் சொரசொரப்பான சிமென்ட் முற்றம் இருந்தது. மேஜையைச் சுவரோரம் வைத்தார்கள். கனம் வேண்டும் என்று ரசமட்டம் சொன்னதால் வாட்ச்மேன் மேஜைமேல் ஏற்றப்பட்டார். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க அப்பா எப்படி இழுப்பாரோ அப்படி இழுங்க” என்றார் ரசமட்டம்.

அவள் மூலையைப் பிடித்து இழுத்தாள். மேஜை அலறியது. ரசமட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினார். இழு, தள்ளு. இழு, தள்ளு. நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள்.

“என்னப்பா ஊர்வலம்?” என்று ஒருவர் கேட்டார்.

“மந்திரி பதவி ஏத்துக்கறேன்” என்றார் மேலே இருந்தவர்.

“சத்தம் காதைப் பிளக்குது. படிக்கிறதா வேணாமா?”

“அஞ்சு மணி வரைக்கும் வேணாம் ஐயா” என்றார் ரசமட்டம், மூச்சு வாங்க. அவருக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது.

இருபது முறை இழுத்ததும் மேஜையைத் தூக்கிக்கொண்டு உள்ளே மொசைக் தரைக்கு வருவார்கள். அவள் கண்ணை மூடி உட்கார்வாள். இல்லை என்று தலையசைப்பாள். திரும்ப முற்றம். மூன்றாவது தடவையில் ரசமட்டம் அவளை நிறுத்தினார். “நீங்க பாதி தூக்கித் தூக்கி இழுக்கிறீங்க. அம்மா பேச்சைக் கேட்டு வளந்த பொண்ணு. தள்ளுங்க, நான் உங்க அப்பாவா இருக்கேன்.” அவர் அந்த மூலைக்கு வந்து, மரத்தின்மேல் இரக்கமே இல்லாத ஒரு மனிதரைப்போல், இருபத்தாறு வருஷமாக யார் செய்தாலும் திட்டியிருக்கக்கூடிய முறையில், தரதரவென்று இழுத்தார். முதல் பத்து இழுப்புக்கு அவர் பல் கூசியது. அதற்குப் பிறகு அதிலும் ஒரு வாட்டம் வந்தது. எந்த இடத்தில் அழுத்தினால் எந்தக் கால் அதிகம் தேய்கிறது என்பது கைக்குப் பிடிபட்டது. இன்னும் ஏழு, இன்னும் ஐந்து என்று எண்ணத் தொடங்கினார். உளி பிடிக்கும்போது மட்டுமே அவர் முகத்தில் வரும் ஒரு சுளிப்பு வந்திருந்தது.

நாலு இருபத்தைந்துக்கு மேஜையை மொசைக் தரையில் வைத்தார்கள். அவர் அடிகளைத் துடைத்தார், தம்ளர்களில் தண்ணீர் ஊற்றினார், எதிரே உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சொல்லாமலே முழங்கையை வைத்தார்.

மேஜை மெதுவாகச் சாய்ந்தது. ஒரு நொடி நின்றது. திரும்பியது. நாலு தம்ளரும் சிணுங்கின.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவள் வலது கை தானாக நீண்டு, தன் முன்னால் இருந்த தம்ளரை விளிம்போடு பிடித்திருந்தது. அதைப் பிடித்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

“இதுதான்” என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். அதனால் அவர் தம்ளர் தண்ணீர் சிந்தி அவர் மடியெல்லாம் நனைந்தது.

மேலே கொண்டுபோகும்போது அவர் யாரையும் இழுக்க விடவில்லை. “இனி ஒரு இழுப்பு இழுத்தீங்க, கெட்டுப் போகும். தூக்குங்க, தூக்கி வைங்க” என்று படி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தார். கூடத்தில் மேஜையை வைத்த பிறகு எந்தத் தரைக்கல்லில் எந்தக் கால் நிற்க வேண்டும் என்று குனிந்து பார்த்து, இரண்டு விரல் நகர்த்தினார். ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். இன்னொரு விரல் நகர்த்தினார். அட்டையை அவள் கட்டினாள்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், சுவரில் ஒன்றும் இல்லை என்றதும் மேஜையைப் பார்த்தார்கள். நாலு பேர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். தம்ளர் சிணுங்கியது. ஒரு பெண்மணி, “மன்னிக்கணும், என் கைதான்” என்றார். “பரவாயில்லைங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் தாங்கிக்கறேன்” என்றார் எதிரே இருந்த வழுக்கைத் தலைக்காரர். ஐந்து நிமிஷத்தில் நாலு பேரும் பங்காளிகள் மாதிரி ஒருவர் முழங்கையை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்ததும் வேறு நாலு பேர். ஓவியப் பொண்ணு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து ரசமட்டம் தன் வேலையின் தரத்தைத் தெரிந்துகொண்டார்.

வழக்கமாக மணி ஐந்து அடித்ததும் கிளம்புகிறவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார், பேண்ட் இன்னும் காயாமல். கட்டடத்தின் மேனேஜர் ஓர் ஆட்டம் உட்கார்ந்துவிட்டு, சட்டைக் கையை உதறியபடி நேரே அவரிடம் வந்தார்.

“என்னப்பா ரசமட்டம், நாலு பேரு வர்ற எடத்துல மேஜை இப்படி ஆடுது. நீ இருந்தும் இதைப் பாக்கக் கூடாதா?”

“பாத்தாச்சு சார்” என்றார் அவர். “பாத்ததனாலதான் ஆடுது.”

மேனேஜர் அவர் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போனார்.

அப்போது கைபேசி அடித்தது. மனைவி.

“என்னங்க, பஸ்ஸை விட்டுட்டீங்களா? மணி என்ன தெரியுமா?”

“வேலை இருந்துச்சு.”

“அப்படி என்ன வேலை?”

“ஒரு மேஜையை ஆட வச்சேன்.”

தினம் நானூறு நோயாளிகளை விசாரிக்கிறவர், நானூற்று ஒன்றாவது ஆளை விசாரிக்கும் குரலில் கேட்டார். “மத்தியானம் சாப்பிட்டீங்களா?”

“பாதி.”

“தலை கிலை சுத்துதா?”

“அதெல்லாம் இல்லடி. நெசமாத்தான் சொல்றேன். ஆடாத மேஜையை ஆட வச்சேன். மூணு மணி நேரம் புடிச்சுச்சு.”

உள்ளே மறுபடியும் தம்ளர்கள் சிணுங்கின. யாரோ ‘அய்யய்யோ’ என்றார்கள், உடனே நாலு பேர் சிரிப்பு. அவர் கைபேசியைக் கூடத்தின் பக்கமாக நீட்டிப் பிடித்து, திரும்பக் காதில் வைத்தார்.

“சரி,” என்றார் மனைவி, “ஆடுதா?”

“நல்லா ஆடுது” என்றார் அவர்.